கால் வைக்கிற நாற்காலி

நலம் விசாரிக்க வருகிறவர்களாலேயே ஒரு காலைக் கெடுத்துவிட முடியும் என்பது போன வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே கம்பெனி பாதியைக் கெடுத்திருந்தது. மீதியில் ஒரு பங்கை நானே கெடுத்துக்கொண்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். யாரையும் தப்பவிட எனக்கு மனசில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

திருப்பூர் நல்லூரில் லைன் வீடு ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருக்கிறோம். ஒரே அறை, அதன் மூலையில் சமையல். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்குமே சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அவருக்குப் பிரிண்டிங் யூனிட்டில் வேலை. நான் பனியன் கம்பெனியில் டைலர். பதினெட்டு வருஷமாக ஜட்டிக்கும் டிராயருக்கும் இடுப்பு எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறேன். எலாஸ்டிக்கை எந்த அளவுக்கு இழுத்துப் பிடித்தால் துணி சுருங்காமலும் தொளதொளக்காமலும் உட்காரும் என்று என் விரலுக்குத் தெரியும். பக்கத்து மிஷின்காரியோடு பேசிக்கொண்டே தைப்பேன், ஒரு பீஸ் திரும்பி வராது. அந்தக் கைத்திமிருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

கம்பெனித் தரையில் நடைபாதைக்கு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று சுவரில் போர்டும் இருக்கிறது, தமிழிலும் இந்தியிலும். ஆனால் ஷிப்மெண்ட் அவசரம் என்றால் போர்டு ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். அந்த வாரம் குடோன் நிரம்பிவிட்டது என்று துணி ரோல்களை என் மிஷினுக்குப் பின்னால், மஞ்சள் கோட்டுக்குள்ளேயே, நெஞ்சு உயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். ஒரு ரோல் இருபது கிலோவுக்குக் குறையாது. இரண்டு நாள் நாங்கள் பக்கவாட்டில் நடந்து பழகினோம். சொன்னதற்கு, நாளைக்கு எடுத்துவிடுவோம் என்றார் சூப்பர்வைசர். அவர் மதுரைப் பக்கத்து ஆள். எந்தக் கேள்விக்கும் நாளைக்கு என்பதுதான் அவரிடம் இருந்த பதில்.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் தண்ணீர் பிடிக்க எழுந்தேன். மேலே இருந்த ரோல் உருண்டு வந்தது. சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் அது என் வலது கெண்டைக்காலில் விழுந்து, மேஜையின் இரும்புக் காலோடு சேர்த்து நசுக்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து ரோலைப் புரட்டிப் பார்த்தார். "துணி அழுக்காயிருச்சா பாருடா" என்று ஹெல்பரிடம் சொன்னார். வெள்ளைத் துணி. அழுக்காகவில்லை என்று தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லக்கா, ரத்தக்கட்டுதேன். ரெண்டு நாள்ல வத்திரும். தண்ணியக் குடிச்சிட்டு உக்காருங்க, பீஸ் நிக்குது பாருங்க" என்றார்.

முதலுதவிப் பெட்டி சுவரில் தொங்கியது. கண்ணாடிக் கதவு, சிவப்பில் கூட்டல் குறி, பூட்டு. சாவி ஹெச்.ஆர். அறையில் இருக்கும். ஹெச்.ஆர். சார் அன்றைக்கு வேறு யூனிட்டுக்குப் போயிருந்தார். சரக்கு வாங்குகிற பையர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் அன்று மட்டும் அந்தப் பெட்டி திறந்திருக்கும். அடிபடுகிறவர்கள் ஆடிட் நாளாகப் பார்த்து அடிபட வேண்டும் போல.

பனியன் கம்பெனியில் எங்களுக்கு வேறொரு டாக்டர் உண்டு. அது எலாஸ்டிக். மணிக்கட்டு வலியா, எலாஸ்டிக் சுற்று. முழங்கால் வலியா, எலாஸ்டிக் சுற்று. தலைவலிக்குக்கூடச் சுற்றிக்கொண்டு தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் மீட்டர் மீட்டராகக் கிடக்கும்போது மருந்துக்கடைக்கு யார் போவார்கள்? பக்கத்து மிஷின்காரி தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இறுக்கிக் கட்டுங்கக்கா, வீக்கம் வராது" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றியது நான்தான். முழங்காலுக்குக் கீழே, ஜட்டிக்கு வைப்பதைவிட இரண்டு பங்கு இழுத்து, ஒரே சீராக, அடுக்கடுக்காகச் சுற்றினேன். மடிப்பில்லாமல் வந்திருந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

பெடலை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு எட்டு மணி வரை தைத்தேன்.

அடுத்த நான்கு நாளும் அதேதான். காலையில் கட்டு, வேன், மிஷின், தொங்கவிட்ட கால், மறுபடி வேன். கட்டுக்குக் கீழே பாதம் இட்லி மாதிரி உப்பியது. செருப்பு வார் அமுங்கிய தடம் மாலை வரை மறையவில்லை. கெண்டைக்காலில் தெறிப்பது மாதிரி ஒரு வலி. தொட்டால் அந்த இடம் மட்டும் சுட்டது. வீக்கம் எலாஸ்டிக்கை மீறுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு சுற்றுக் கூட்டிக் கட்டினேன். கட்டினால்தான் குறையும் என்ற நம்பிக்கை. படிக்கிற மகள் போனில், "ஆஸ்பத்திரிக்குப் போனியாம்மா" என்று தினமும் கேட்டாள். போய்விட்டேன் என்று தினமும் பொய் சொன்னேன்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. என் வீட்டுக்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போனார். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் ரத்தக்கட்டு கலைந்துவிடும் என்று பிரிண்டிங் யூனிட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தவர், எலாஸ்டிக்கை அவிழ்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். புறங்கையை என் இரண்டு கெண்டைக்காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் முன்னங்காலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, நிரம்பவில்லை.

"இதுல நான் கை வெக்க மாட்டனுங்க. சூடு ஒரு கால்ல மட்டும் இருக்குது. உருவுனா வம்பாயிரும். இப்பவே திருப்பூருக்குப் போய் ஆஸ்பத்திரில காட்டுங்க. போற வழியில வேற யாரு தேய்க்கறன்னு சொன்னாலும் உடாதீங்க" என்றார்.

அடிபட்டதிலிருந்து என் காலைக் கால் என்று பார்த்த முதல் ஆள் அவர்தான். காணிக்கைத் தட்டில் என் வீட்டுக்காரர் வைத்ததையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. சூப்பர்வைசரை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர், என் மகளைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கலாம். வந்ததும் கேள்வி கேட்கவில்லை, மேஜை டிராயரைத் திறந்து டேப்பை எடுத்தார். நாங்கள் துணி அளக்கிற அதே டேப். முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு காலிலும் பேனாவால் குறி வைத்துச் சுற்றளவு எடுத்தார்.

"வலது கால் மூணு சென்டிமீட்டருக்கு மேல எச்சா இருக்குதுங்கம்மா" என்றார்.

மூன்று சென்டிமீட்டர். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்தது, வலியால் இல்லை. எங்கள் கம்பெனியில் இடுப்பு அளவு ஒரு சென்டிமீட்டர் கூடினால் பீஸைத் திருப்பி அனுப்புவார்கள். டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு லைனுக்கு இரண்டு பேர் நடந்துகொண்டே இருப்பார்கள். ஒரு டிராயரைப் பத்து இடத்தில் அளப்பார்கள். அத்தனை டேப்புக்கு நடுவில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தருக்கும் என் காலை அளக்கத் தோன்றவில்லை. ஏன், எனக்கே தோன்றவில்லை. மிஷின் மேல் என் டேப்பும்தான் கிடந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: கெண்டைக்காலின் உள்ளே ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டி நிற்கிறது. அடிபட்டதும் ஒரு காரணம். அதற்கு மேல் காலை இறுக்கிக் கட்டி, தொங்கவிட்டு, நாளெல்லாம் அசையாமல் உட்கார்ந்ததும் காரணம். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எண்ணெய் போட்டு உருவியிருந்தால் பிய்ந்திருக்கலாம்.

"யாருங்க இப்படி இறுக்கிக் கட்டுனது?"

"நான்தானுங்க. எலாஸ்டிக் வேலை பதினெட்டு வருஷமாப் பாக்கறனுங்க."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, பிறகு மாத்திரைக்கு மாற்றினார். மூன்று மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். வலி மாத்திரை எதையும் தானாக வாங்கிப் போடக் கூடாது. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும். கொஞ்சம் கொஞ்சம் நடக்கலாம். மற்ற நேரமெல்லாம் படுத்துக்கொண்டு, காலை நெஞ்சைவிட உயரத்தில் தூக்கி வைத்திருக்க வேண்டும். வலி அடங்கிய பிறகு போட்டுக்கொள்ள ஒரு காலுறையும் எழுதிக் கொடுத்தார். அதைக் கடையில் கையில் வாங்கியதும் பழக்கதோஷம், இழுத்துப் பார்த்தேன். கணுக்காலில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. ரத்தத்தை மேலே தள்ளுகிற மாதிரி நெய்திருந்தார்கள். நான் மேலே இறுக்கிக் கீழே சும்மா விட்டிருந்தேன். எலாஸ்டிக்கைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று திரிந்தவளுக்கு, ஒரு காலுறை போதும் மூக்கை உடைக்க.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். காலை உயர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு, வருகிறவர்கள் உட்கார. பாயில் படுத்துக்கொண்டு, நாற்காலி மேல் தலையணை, தலையணை மேல் கால். சரியான உயரம். ஆனால் அறை இருக்கிற அகலத்துக்கு ஒரு பக்கம்தான் அப்படிப் படுக்க முடியும், அந்தப் பக்கம் சாமி அலமாரி. முருகன் முகத்துக்கு நேரே என் பாதம். வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்கம்மிணி, சாமிக்குக் காலைக் காட்டிட்டுப் படுத்திருக்கறீங்களே" என்றார். அறையை இன்னும் நாலடி அகலமாகக் கட்டியிருந்தால் சாமிக்கு இந்த அவமானம் வந்திருக்காதே என்று வாய் வரை வந்தது. என் வீட்டுக்காரர் படங்களை எல்லாம் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார்.

பிறகு ஒறம்பரை வரத் தொடங்கியது. எங்கள் பக்கம் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்க்க வேண்டும். வராவிட்டால் அது காலத்துக்கும் பேச்சாக நிற்கும். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் என் கால் தானாகக் கீழே இறங்கும். பெரியவர்கள் முன்னால் காலை நீட்டுவதே தப்பு. தலைக்கு மேலே தூக்கி வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? அதோடு இருப்பது ஒரு நாற்காலி. "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று தலையணையை உருவி, நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, நான் சுவரில் சாய்ந்து காலை மடக்கி உட்கார்வேன். அவர்கள் என் வீக்கத்தைப் பார்த்து, "அடக் கொடுமையே, இன்னும் வத்தலியே" என்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்தது வத்துவதற்காகப் போட்ட நாற்காலி மேல். ஒருவர் எழுந்து போனதும் காலைத் தூக்குவேன். அடுத்த செருப்புச் சத்தம் கேட்கும்.

ஒரு வாரம் ஆனதும் என் மாமனார் வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி வந்தார். நாலு தேங்காயும் ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுவந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் ஒன்றும் கொடுமைக்கார மனிதர் இல்லை. வாசலில் நின்று என் காலைப் பார்த்ததுமே, "இருக்கட்டும் கண்ணு, காலை எறக்காத. நான் இப்புடி உக்காந்துக்கறேன்" என்றார்.

"பரவாயில்லீங்க மாமா, உக்காருங்க" என்று இறக்கிவிட்டேன்.

அவர் மரியாதைக்குச் சொன்னார் என்று நான் நினைத்தேன். நான் மனசாரச் சொல்கிறேன் என்று அவர் நினைத்தார். எங்கள் ஊர் மரியாதையின் லட்சணம் இதுதான். இரண்டு பக்கமும் ங்க போட்டுப் பேசியே ஒரு ஆளைக் குழியில் இறக்கிவிடும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, போர்வெல் தண்ணீர் இறங்கியது, தென்னைக்கு வெள்ளை ஈ விழுந்தது எல்லாம் இரண்டு மணி நேரம் பேசினார். நான் ஆமாங்க, ஆமாங்க என்றேன். கால் தெறித்தது.

மாலை ஆனதும் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. மகளுக்குக்கூடச் சொல்லாமல் ஆட்டோவில் ஓடினோம். மாமனாரும் கூடவே வந்தார். பார்த்தவரைக்கும் நுரையீரலில் ஒன்றும் இல்லை, அது பயத்தில் வந்த மூச்சிரைப்பு. ஆனால் டாக்டர் மறுபடி டேப்பை எடுத்தார். நடுவில் ஊசிக்குப் போனபோது அளந்ததில் குறைந்திருந்த வீக்கம், பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது.

"காலைத் தூக்கி வெக்கறீங்களா இல்லீங்களா?"

"வெக்கறனுங்க. ஆளுக வந்தா மட்டும் எறக்குவனுங்க."

"இன்னைக்கு யாரு வந்தாங்க?"

என் பின்னால் நின்ற மாமனாரை டாக்டர் பார்த்தார். "உங்க ரத்தக் குழாய்க்கு மாமனார் யாரு, மச்சாண்டார் யாருன்னெல்லாம் தெரியாதுங்கம்மா. எறக்குனா ரத்தம் நின்னுக்கும்" என்றார்.

மாமனார் அன்றைக்கு ஊருக்குத் திரும்பவில்லை. வாசற்படியில் ஒரு சாக்கை விரித்து அதில் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி பக்கமே வரவில்லை. வந்த ஒறம்பரையையும் வாசலிலேயே உட்கார வைத்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து அப்படியே ஊருக்குத் தாட்டிவிட்டார். எனக்குத்தான் கூச்சம் போகவில்லை. அவர் தலை தெரிகிற பக்கம் பாதத்தைப் போர்வையால் மூடி வைத்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஹெச்.ஆர். சாரும் சூப்பர்வைசரும். ஒரு பையில் ஆப்பிள். எனக்கு அடிபட்டு மூன்று வாரம் ஆகப் போகிறது. அதுவரை ஒரு போன் கிடையாது. என் வீட்டுக்காரர் பதறி எழுந்து, "வாங்க சார், வாங்க, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிக்காகக் குனிந்தார். என் குதிகாலை ஒரு கையால் தூக்கவும் தூக்கிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பாதிக்கு மேல் எழுந்துவிட்டேன். பதினெட்டு வருஷப் பழக்கம் அப்படி. அவர்களைப் பார்த்ததும் உடம்பே எழுந்து நின்றுவிடும்.

அப்போதுதான் ஹெச்.ஆர். சார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "ஒரு ஃபார்மாலிட்டிதாங்க. அடுத்த வாரம் பையர் ஆடிட் வருது. ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா போதும்" என்றார்.

வாங்கிப் படித்தேன். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்குக் காலில் அடிபட்டதாகவும், கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றும் நானே சொல்வதாக எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் குளியலறையே கிடையாது. நாலு வீட்டுக்குப் பொதுவாகக் கடைசியில் ஒன்று இருக்கிறது. பொய் எழுதுகிறவர்கள் வீட்டை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டாவது எழுதியிருக்கலாம்.

"எறக்காதீங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவர் என் குதிகாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "காலைத் தலகாணி மேல வெய்யிங்க" என்றேன். வைத்தார். நான் மறுபடி படுத்துக்கொண்டேன். பாதத்தின் மேலிருந்த போர்வையையும் எடுத்துவிட்டேன். பார்க்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "யக்கா, சார் நிக்கிறாருல்ல" என்றார்.

எங்கள் பக்கம் பகையாளியே வீடு தேடி வந்தாலும் உட்காருங்க என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது கை நீட்டி அடிப்பதைவிடப் பெரிய குற்றம். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. அதை முழுங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் முழுங்கியதில்லை.

"ரோல் எங்க அடுக்கியிருந்துதுங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா" என்றார் ஹெச்.ஆர். சார்.

"மஞ்சக் கோட்டுக்குள்ள அடுக்கியிருந்துதுங்க. ரெண்டு நாளா எடுங்க எடுங்கன்னு சொன்னமுங்க. அது விழுந்துதான் இந்தக் காலு. பொட்டியப் பூட்டி வெச்சிருந்தீங்க. அதையெல்லாம் எழுதிக் கொண்டு வாங்க, இப்படியே படுத்துட்டே கையெழுத்துப் போடறேன்."

"நாளைக்கு நீங்க வேலைக்கு வரணுமில்லீங்களா?" குரல் மென்மையாகத்தான் இருந்தது. மிரட்டலுக்குக்கூட ங்க போடுகிற ஊர் இது. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. கையெழுத்தைப் போட்டுத் தொலையேன் என்று அவர் கண் கெஞ்சியது. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. அவருக்கு மேலேயும் ஒரு ஹெச்.ஆர். சார் இருக்கிறார்.

ஹெச்.ஆர். சார் வாசல் பக்கம் திரும்பி மாமனாரிடம் சொன்னார்: "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. வந்தவங்களை நிக்க வெச்சுப் பேசறது நல்லாவா இருக்குது?"

விருந்தாளியை நிற்க வைத்தது மாமனாருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். அவர் சாக்கிலிருந்து மெல்ல எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என் காலைப் பார்த்தார். மூடாத பாதம், அவர் முகத்துக்கு நேரே.

"சேரு ஒண்ணுதானுங்க இருக்குது. அதுல அம்மிணி காலு இருக்குது. நீங்க நின்னுட்டே பேசுங்க சாமி" என்றார்.

அவர்கள் அதிக நேரம் பேசவில்லை. ஆப்பிள் பையை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். மாமனார் அதையும் எடுத்துக் கொண்டுபோய் அவர்கள் வண்டியில் மாட்டிவிட்டு வந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். கால் கீழே இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சூப்பர்வைசரே போன் செய்தார். வடநாட்டு ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், லைன் காலி, எலாஸ்டிக் வைக்க ஆளில்லை. "எப்பக்கா வர்றீக?" என்றார். கையெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. டைலர் கிடைக்காத காலத்தில் என் நேர்மைக்கு அவ்வளவு மதிப்பு. போகிறேன் என்று சொன்னேன். டாக்டர் சரி என்றார்; ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், காலுறையை விடக் கூடாது, உட்கார்ந்திருக்கும்போது வலது காலை நீட்டி உயரத்தில் வைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் கம்பெனி வேன் வந்து நின்றது. நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, கம்பெனில சேரு இல்லீங்களா?"

"இது உக்கார்ற சேரு இல்லீங்க. கால் வெக்கிற சேரு."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். தூத்துக்குடிக்காரி நாற்காலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் எலாஸ்டிக் சுற்றியிருந்தது. நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்து அங்கேயே வெட்டிப் போட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன்.

என் மிஷினுக்குப் பின்னால், மஞ்சள் கோட்டுக்குள், ரோல்கள் அதே இடத்தில் நெஞ்சு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பார்த்ததும் தலைக்கு ஏறியது. போய் என் நாற்காலியை மிஷினுக்கு வலப்பக்கமாக, அந்த மஞ்சள் கோட்டின் மேலேயே போட்டேன். தலையணையை வைத்தேன். உட்கார்ந்து, காலைத் தூக்கி அதன் மேல் நீட்டினேன். பெடலுக்கு இடது கால்.

சூப்பர்வைசர் வந்தார். நாற்காலியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "யக்கா, நடக்கிற வழில சேரப் போட்டா எப்பிடிக்கா? கோட்டுக்குள்ள எதையும் வைக்கக் கூடாதுல்ல" என்றார்.

"முதல்ல ரோலை எடுங்க, அப்பறம் காலை எடுக்கறேன்" என்றேன்.

நாளைக்கு எடுத்துவிடுவோம் என்றார். அவர் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. ரோலும் அங்கேதான் இருக்கிறது, என் காலும் அங்கேதான் இருக்கிறது.